தாழ்த்தின வண்டியும் தக்காளிப் பெட்டியும்

டவுனில் இருக்கிறவங்களுக்கு பிக்கப் வண்டின்னா வீடு மாத்தும்போது வாசலில் வந்து நிக்கிற வண்டி. எங்களுக்கு அது அப்படி இல்லைங்க. விடியக்காலை 3 மணிக்கு அது கிளம்பலைன்னா, முந்தின நாள் பறிச்ச தக்காளிக்கு அன்னைக்கு விலை இல்லை. எங்க ஊரிலிருந்து ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் 18 கிலோமீட்டர். ஊருக்குள்ள வாடகைக்கு ஓடுற பிக்கப் மொத்தம் 4. அதில் ஒண்ணு எங்க அண்ணன் மகனோடது.

இந்தக் கதை அந்த வண்டியோட பின் டயரைப் பத்தினது.

பையனுக்கு 25 வயசு. ஐ.டி.ஐ. முடிச்சிட்டு திருப்பூரில் ரெண்டு வருசம் வேலை பார்த்தான். ஒத்து வரலை, திரும்பி வந்துட்டான். அண்ணியோட நகையை கூட்டுறவு வங்கியில் வச்சு முன்பணம் கட்டி, மிச்சத்துக்கு தவணை போட்டு, செகண்ட் ஹேண்ட் வண்டி ஒண்ணு எடுத்துக் கொடுத்தோம். மாசம் 13,400 ரூபாய் கட்டணும். பெட்டிக்கு 15 ரூபாய் வாடகை. ஒரு நடைக்கு 80 பெட்டி ஏத்தினா 1,200. டீசல், சுங்கம், டீச்செலவு எல்லாம் போக கையில் நிக்கிறது கொஞ்சம்தான். ஆனா பையன் ஒரு நாளும் லேட்டா வந்ததில்லை. அதனால ஊரில் பாதிப் பேர் அவனுக்குத்தான் லோடு கொடுத்தாங்க.

ஒரு வருசம் நல்லா ஓடினது. அப்புறம் ஒரு நாள் வண்டி வந்து களத்தில் நின்னப்போ எனக்கு அடையாளம் தெரியலை. பளபளன்னு அலாய் வீல். அகலமான டயர். வண்டி உயரம் குறைஞ்சு, படுத்த மாடு மாதிரி இருக்குது. "சித்தப்பா, எப்படி இருக்கு?"ன்னு கேட்டான். அழகாத்தான் இருந்தது, பொய் சொல்ல முடியாது. ஆனா திண்ணையில் உக்காந்திருந்த ஒரு பெரியவர், "ஏண்டா, கோழிக்குஞ்சு கூட அடியில போகாது போலிருக்கே"ன்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. பையன் முகம் சுருங்கிப் போச்சு.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கலை. எங்க காலத்தில் நாங்க என்ன செஞ்சோம்? பொங்கலுக்கு மட்டுமா மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிச்சோம்? ரேக்ளா வண்டிக்கு பித்தளைப் பூண், காளைக்கு சலங்கை, நெத்திப்பட்டம், நுகத்தடியில் செதுக்கு வேலைன்னு கடன் வாங்கி சோடிச்சவங்க எத்தனை பேர். தான் ஓட்டுற வண்டி நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கணும்னு நினைக்கிறது இன்னைக்கு வந்த ஆசை இல்லை.

போனில் அவன் எனக்கு வீடியோ எல்லாம் காட்டினான். இந்தத் தாழ்த்துற வேலை அமெரிக்காவில் கலிபோர்னியாப் பக்கம் இருந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் வளர்த்த கலையாம். ரொம்பத் தாழ்த்தவும், வண்டியோட எந்தப் பாகமும் சக்கரத்து ரிம்முக்குக் கீழே இறங்கக் கூடாதுன்னு 1958-லேயே அங்க சட்டம் போட்டாங்க. உடனே வேணும்போது ஏத்தி இறக்குற ஹைட்ராலிக் சமாசாரத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க. பிக்கப்பைத் தாழ்த்தறவங்க சேசிஸையே பிறை மாதிரி வெட்டி, அச்சு மேலே வர இடம் விட்டு, பலத்துக்கு இரும்பு வச்சு வெல்டு அடிக்கிறாங்க. பார்க்க ஆச்சரியமாத்தான் இருந்தது. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு உறுத்தினது. அவன் காட்டின அத்தனை வீடியோவிலும் தொட்டி காலியா இருந்தது. ஒரு வண்டியில் கூட ஒரு மூட்டை இல்லை.

முதல்ல தெரிஞ்சது டயர் இல்லைங்க, தக்காளி. மார்க்கெட்டில் பெட்டியை இறக்கிப் பார்த்தா அடி அடுக்கில் இருக்கிற பழம் கசங்கி சாறு வடியுது. 14 கிலோ பெட்டியில் ரெண்டு கிலோ கழிவுன்னு கமிஷன் கடைக்காரர் எழுதறார். பறிக்கிறப்போ நல்ல பழம், ஏத்துறப்போ நல்ல பழம், இறக்குறப்போ மட்டும் கசங்கல். ரெண்டு நாள் பொறுத்தாங்க, மூணாவது நாள் நாலு வீட்டுக்காரங்க வேற வண்டிக்கு மாறிட்டாங்க. யாரும் அவன்கிட்ட காரணம் சொல்லலை. எங்க ஊர்ப் பழக்கம் அப்படி. மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க, லோடு மட்டும் நின்னு போகும்.

என்ன நடக்குதுன்னு பார்க்கலாம்னு ஒரு நாள் நானும் கூட ஏறினேன். என் தோட்டத்துப் பெட்டி 31, அக்கம்பக்கம் சேர்த்து மொத்தம் 78. பின்னாடி பெட்டி மேல ரெண்டு சுமைக்காரப் பையனுக. ஊர் எல்லையில் இருக்கிற முதல் வேகத்தடையில் ஏறி இறங்கினப்போ 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். "அது ஒண்ணுமில்லை சித்தப்பா, மட்கார்டு"ன்னான். அடுத்து வளைவு. இடது பக்கம் திரும்பும்போது வலது பின்பக்கம் மறுபடியும் அதே சத்தம், இந்தத் தடவை நீளமா. மெயின் ரோடு ஏறி அஞ்சு கிலோமீட்டர் போயிருப்போம், ரப்பர் தீயுற நாத்தம் வந்தது. நிறுத்தச் சொல்லி இறங்கி டார்ச் அடிச்சுப் பார்த்தேன்.

வலது பின் டயரைச் சுத்தி ஒரு கோடு. கத்தி வச்சுக் கீறின மாதிரி, விரல் நகம் உள்ள போற ஆழம். தொட்டால் கை சுடுது. மட்கார்டுக்கு அடியில் கறுப்பா ரப்பர் தூள் அப்பிக் கிடக்குது. இந்த டயர் இன்னும் பத்து கிலோமீட்டர் தாங்குமா, தாங்காதான்னு யாராலும் சொல்ல முடியாது. வெடிச்சா? பெட்டி மேல உக்காந்திருந்த பையன்களை நிமிர்ந்து பார்த்தேன். ஒருத்தன் தூங்கிட்டிருந்தான்.

அவங்களை இறக்கி, பின்னாடி வந்த தெரிஞ்ச வண்டியில் 30 பெட்டியை மாத்தி ஏத்தி, மிச்சத்தோட 20 வேகத்தில் உருட்டிக்கிட்டு மார்க்கெட் போய்ச் சேர்ந்தோம். நாங்க போனப்போ நல்ல விலைக்கு ஏலம் முடிஞ்சு போயிருந்தது. எனக்குப் பெட்டிக்கு 40 ரூபாய் குறைச்சல். அதை விடுங்க.

ஊருக்கு வந்ததும் அண்ணனுக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. "வண்டியை வித்துத் தொலை, நகையைத் திருப்பு"ன்னு ஒரே சத்தம். பையன் பதில் பேசலை. நான்தான் நடுவுல போய், "ரெண்டு நாள் பொறுங்கண்ணே, எங்க உரசுதுன்னு முதல்ல பார்க்கலாம்"னேன்.

அப்பா காலத்து மாட்டு வண்டியிலும் சக்கரம் உரசும். குடத்துக்குள்ள தேய்மானம் வந்தா சக்கரம் ஆட்டம் கொடுத்து உள்ள சாயும், முளைக்குச்சியில் போய் இடிக்கும். அப்பா வண்டியில் ஏறாமலே, கூட நடந்துக்கிட்டே சத்தத்தை வச்சு எந்தப் பக்கம்னு சொல்லிடுவார். பிக்கப்பில் அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. நின்ன வண்டியில் பார்த்தா எல்லா இடத்திலும் நாலு விரல் இடைவெளி இருக்கும். சுமை ஏறி, ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால்தான் உண்மை தெரியும்.

அதனால களத்தில் வச்சு ஒரு சோதனை செஞ்சோம். சுண்ணாம்பைக் கொஞ்சம் கெட்டியாக் கரைச்சு நாலு டயரோட மேல்பக்கத்திலும், தோள் விளிம்பிலும் பூசினோம். தொட்டியில் 50 கிலோ கோழி எரு மூட்டை 20 ஏத்தினோம். ஒரு டன். அப்புறம் ஒரு பின் சக்கரத்தை மட்டும் வரப்பில் ஏத்தி, மத்தது சமதளத்தில் நிக்கிற மாதிரி மெதுவா நகர்த்தினான். அதே மாதிரி மறுபக்கம். அடுத்து ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ரெண்டு பக்கமும் வட்டம் அடிக்கச் சொன்னேன். சுண்ணாம்பு எங்கெல்லாம் ஒட்டியிருக்கோ அங்கெல்லாம் உரசுதுன்னு அர்த்தம். காசு செலவில்லாத சோதனை. காரில் பெரிய டயர் மாட்டியிருக்கிற டவுன் நண்பர்களும் செய்யலாம். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் திட்டினால் நான் பொறுப்பில்லை.

மூணு இடத்தில் வெள்ளை. முன் சக்கரம் முழுசா ஒடிச்சப்போ உள்பக்க பிளாஸ்டிக் தகட்டில். பின்னாடி மட்கார்டு தகட்டோட விளிம்பில். மூணாவதுதான் ஆளைக் கொல்ற இடம். கயிறு கட்டுற கொக்கிக்காக தொட்டி ஓரத்தில் போட்டிருந்த போல்ட்டோட முனை, அடிப்பக்கம் ஒரு விரல்கடை நீட்டிக்கிட்டு இருந்தது. டயரில் கத்திக்கோடு போட்டது அதுதான். பழைய டயர் அது கிட்டக்கூடப் போகாது. புது டயர் வெளிப்பக்கம் அகலம் கூடினதால் நேரா அதுக்குக் கீழே வந்து நிக்குது.

அப்புறம் டேப் எடுத்து அளந்தோம். இதை விவரமா எழுதறேன், கணக்கு பிடிக்காதவங்க ஒரு பத்தி தாண்டிப் போயிடுங்க. வண்டியோட சொந்த டயர் 195/80 ஆர் 15. அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரோட உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், உள்ளே ரிம் 15 இன்ச். மொத்த உயரம் 693 மில்லி வரும். இவன் மாட்டினது 235/75 ஆர் 15. உயரம் 733. ஆக டயரோட மேல்பக்கம் அச்சிலிருந்து 20 மில்லி கூட ஏறியிருக்கு, அகலம் பக்கத்துக்கு 20 மில்லி கூடியிருக்கு. வண்டியைத் தாழ்த்தினது 2 இன்ச், அதாவது 50 மில்லி. தரைக்கும் வண்டிக்கும் நடுவுல குறைஞ்சது 30 மில்லிதான், ஏன்னா பெரிய டயர் கொஞ்சம் தூக்கி விட்டுடுது. ஆனா டயருக்கும் தொட்டிக்கும் நடுவுல குறைஞ்சது 70 மில்லி, முக்கால்வாசி 3 இன்ச். வெளியில இருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அந்த 30 மட்டும்தான் தெரியும். (இன்னொரு சங்கதி: டயர் பெருசானதால் மீட்டரில் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல ஓடிட்டிருக்கும்.)

இதோட முடியலை. பின்னாடி தாழ்த்தினது எப்படின்னா, 7 ஸ்பிரிங் பட்டையில் ரெண்டை உருவிட்டாங்க. 7 பட்டை இருந்தப்போ ஒரு டன் ஏத்தினா 3 இன்ச் இறங்கின வண்டி, 5 பட்டையில் 4 இன்ச்சுக்கு மேல இறங்குது. முன்னே காலி வண்டியில் 8 இன்ச் இடைவெளி, லோடு ஏத்தினா 5 மிஞ்சும். இப்போ லோடு ஏத்தினா மிஞ்சறது ஒரே ஒரு இன்ச். ஒரு வேகத்தடைக்கு அது எந்த மூலைக்கு? அச்சு ரொம்ப மேலே வந்துடாம தடுக்க சேசிஸில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அது அடிக்கடி இடிக்குதுன்னு அதையும் பாதியா வெட்டி விட்டிருக்காங்க. தக்காளி ஏன் கசங்கினதுன்னு அப்பத்தான் விளங்கினது. ஸ்பிரிங் வேலை செய்ய இடமே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் இரும்பு இரும்போட இடிச்சு, அடி அடுக்குப் பழம் அந்த அடியை வாங்குது.

பையன் டேப்பைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். "காலியா நிக்கும்போது சூப்பரா இருந்துச்சு சித்தப்பா"ன்னான்.

முதல்ல போன பட்டறையில், "கட்டர் வச்சு மட்கார்டு தகடை வெட்டி விட்டுடலாம், 500 ரூபாய், ஒரு மணி நேர வேலை"ன்னாங்க. பையனுக்கு அதில் ஆசைதான், வண்டி அழகு அப்படியே இருக்கும்ல. நான் வேண்டாம்னு சொல்லி பழனி ரோட்டுல ஸ்பிரிங் வேலை மட்டும் செய்யற ஒரு பாய்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நாப்பது வருசமா லாரிக்குப் பட்டை அடிக்கிறவர். அடியில் படுத்துப் பார்த்துட்டு எழுந்து கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்: "தம்பி, தகடை வெட்டினா தகடுல படாது. அடுத்து தொட்டி அடியில படும். அதையும் வெட்டுவியா?"

முன்பக்க சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுத்தை கேஸ் வச்சு அறுத்திருந்ததைப் பார்த்ததும்தான் அவருக்குக் கோபம் வந்தது. சூடு பட்ட ஸ்பிரிங்குக்கு பதம் போயிடுமாம், எந்த நேரமும் ஒடியலாமாம். "பட்டையை உருவினது கூடப் பரவாயில்லை, இதைச் செஞ்சவன் கையை ஒடிக்கணும்"னார்.

அங்கேயே உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்போ இன்னொரு விசயமும் பேசினார். இவனை மாதிரி பட்டை உருவச் சொல்லி வர்றவங்க நூத்துக்கு ரெண்டு பேர்தானாம். மத்தவங்க எல்லாம் கூட ரெண்டு பட்டை போடச் சொல்லி வர்றவங்க. ஒரு டன் வண்டியில் ரெண்டு டன் ஏத்தணுமே. பையனைப் பார்த்துச் சிரிச்ச திண்ணைப் பெரியவரோட மகன் வண்டியில் 9 பட்டை இருக்குதுன்னு எனக்கும் தெரியும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு, கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. தாழ்த்தினவனுக்கும் அதே பிரிவுதான், தூக்கினவனுக்கும் அதேதான். ஆனா தூக்கினவன் பிழைக்கத் தெரிஞ்சவன், தாழ்த்தினவன் கோமாளின்னு ஊர் பேசும். ரெண்டு டன் ஏத்தின வண்டியில் பிரேக் பிடிக்காம எத்தனை பேர் போயிருக்காங்கன்னு யாரும் திண்ணையில் பேசறதில்லை.

வேலை ரெண்டு நாள் ஆச்சு. பக்கத்துக்கு ரெண்டு பட்டை, நடு போல்ட், யூ போல்ட், ரெண்டு ரப்பர் கட்டை, முன்பக்கம் ஒரு ஜோடி ஸ்பிரிங், கூலி எல்லாம் சேர்த்து 11,600 ரூபாய். கொக்கி போல்ட்டுகளைக் கழட்டி, உருண்டைத் தலை உள்பக்கம் வர்ற மாதிரி திருப்பிப் போட்டோம். பழைய டயரையும் இரும்பு ரிம்மையும் நல்லவேளையா அண்ணி மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டு வச்சிருந்தாங்க. அலாயும் அகல டயரும் வாங்கினது 62,000-க்கு. கோடு விழுந்த ஒண்ணைத் தவிர மத்ததை வித்ததில் 35,000 வந்தது. கோடு விழுந்த டயரையும் ஒருத்தர் ஸ்டெப்னிக்குக் கேட்டார். பையனே, "அதை விக்க மாட்டேண்ணே"ன்னு சொல்லி வாய்ச்சியால் குறுக்கே வெட்டிப் போட்டான். அது எனக்குப் பிடிச்சது.

எட்டு வருசம் தாண்டின வண்டிக்கு வருசா வருசம் எஃப்.சி. எடுக்கணும். இந்த வண்டிக்கு அடுத்த மாசம் தேதி. இப்போ பயமில்லாமப் போகலாம்.

சுண்ணாம்புச் சோதனையைத் திரும்ப ஒரு தடவை செஞ்சோம். அதே 20 மூட்டை, அதே வரப்பு. எங்கேயும் ஒட்டலை. அன்னைக்கு விடியக்காலை 54 பெட்டியோட கிளம்பினான். நான் கூடப் போகலை. மார்க்கெட்டிலிருந்து போன் பண்ணி, "கழிவு அரைக் கிலோதான் சித்தப்பா"ன்னான். மாறிப்போன நாலு வீட்டில் ரெண்டு வீடு திரும்பி வந்திருக்குது. மத்த ரெண்டு இன்னும் வரலை. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிற நீல ஸ்டிக்கரையும், தொட்டி ஓரத்தில் எழுதியிருக்கிற பேரையும் அப்படியே வச்சிருக்கான். கதவில் புதுசா ஒரு மயில் வரையப் போறானாம். அண்ணன் இன்னும் அந்த வண்டியில் ஏறறதில்லை, டவுனுக்குப் பஸ்ஸில்தான் போறார். ஆனா நேத்து ராத்திரி அவர் தோட்டத்து 22 பெட்டியும் அவன் வண்டியிலதான் ஏறினது. ஏத்தி முடிச்சதும் குனிஞ்சு பின் டயரை ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம வீட்டுக்குள்ள போயிட்டார்.